நீங்கள் வாங்கிய துணிக் கைப்பை

(பங்காளர் கூடுகையில் எங்கள் தையல் குழுவின் சார்பில் பேசியது)



சென்ற விற்பனை நாளில் நாங்கள் வீட்டில் தைத்த கைப்பைகளை நீங்கள் அன்போடு வாங்கிச் சென்றீர்கள். நாற்பது பைகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மேஜை காலியாகிவிட்டது. மிகுந்த சந்தோஷத்தோடு வீடு திரும்பினோம்.

மூன்று மாதம் கழித்து வயதான அம்மா ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு காரியம் சொன்னார்கள். ஐந்து கிலோ அரிசியோடு கடையிலிருந்து வரும்போது கைப்பிடி தைத்த இடத்திலேயே பிய்ந்து, அரிசி தெருவில் கொட்டிவிட்டதாம். "அப்போதே எங்களிடம் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றோம். "உதவிக்காகத்தானே வாங்கினேன், போகட்டும் என்று விட்டுவிட்டேன்" என்றார்கள்.

அந்த வார்த்தை எங்கள் மனதைக் குத்தியது. விசாரித்துப் பார்த்தால் இன்னும் சிலருக்கும் அப்படியே நடந்திருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரக்கத்துக்காக வாங்குகிறவர்கள் ஒரு தடவை வாங்குவார்கள். பை நன்றாயிருந்தால்தான் மறு தடவை வருவார்கள். எங்களில் சிலருக்கு இந்தத் தையல் கூலியில்தான் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவு நடக்கிறது. ஆகவே எங்கே தவறினோம் என்று உங்களிடம் மறைக்காமல் சொல்ல வந்திருக்கிறோம்.

வேதாகமம், பாட்டுப் புத்தகம், கண்ணாடிப் பெட்டி இவை அடங்கினால் போதும் என்று எண்ணித்தான் அந்தப் பையைத் தைத்தோம். ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கமே தொடங்கியது. சபைக்குக் கொண்டுபோகும் அதே பையில் இப்போது அரிசியும் வெங்காயமும் வருகின்றன. இதை நாங்கள் யோசிக்கவில்லை.

முதல் தவறு கைப்பிடியில். அதன் நுனிகளை வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே செருகி, மேல் ஓரத்தில் ஒரே வரி தையல் ஓட்டியிருந்தோம். பார்க்க அழகாயிருக்கும். ஆனால் முழுப் பாரமும் அந்த ஒரு வரி நூலில்தான் தொங்கும். இப்போது 4 அங்குல அகலத் துணியை நான்காக மடித்து 1 அங்குலப் பட்டியாக்குகிறோம். அதைத் துணியின் கரைக்கு இணையாகவே வெட்டவேண்டும். பாவு நூல் இழுத்தால் அதிகம் நீளாது. கோணலாக வெட்டிய பட்டியோ நாளாக நாளாகத் தொங்கிப்போகும். நுனியை அரை அங்குலம் உள்ளே மடித்து, பையின் மேல் ஓரத்திலிருந்து 3 அங்குலம் கீழே வைத்து, 2 அங்குல உயரத்துக்குப் பெட்டி போல நாலு பக்கமும் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போடுகிறோம். உள்பக்கம் ஒரு துண்டுத் துணி ஒட்டுக் கொடுக்கிறோம். லைனிங் வைப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். அந்த இடம் குறைந்தது ஆறு மடிப்புத் தடிமன் இருக்கும். 16-ம் நம்பர் ஊசி போட்டு, பெடலை மிதிக்காமல் சக்கரத்தைக் கையாலேயே சுற்றுங்கள். அவசரப்பட்டு மிதித்து எத்தனை ஊசி ஒடித்தோம் என்று கேட்காதீர்கள்!

இரண்டாவது தவறு, துணியை நனைக்காமல் வெட்டியது. பருத்தித் துணி முதல் சலவையிலேயே சுருங்கும். வெளித்துணி ஒரு அளவும் லைனிங் வேறு அளவும் சுருங்கி, பை சுருக்கம் விழுந்த முகம் போலாகிவிட்டது. இரண்டையும் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்கவேண்டும்.

இனி காகித மாதிரி. 1863-ல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் பல அளவுகளில் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். வீட்டிலிருந்த பெண்களும் அளவு தவறாமல் வெட்ட அது உதவிற்று. நம் ஊரிலோ மாதிரி டைலரின் தலைக்குள்தான் இருக்கும். துணியில் நேரே சாக்கால் கோடு போட்டுவிடுவார். நமக்கு அது கைவராது. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். 17 அங்குல அகலம், 16 அங்குல உயரம் வரைந்து, கரை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள். வெளித்துணியில் இரண்டு, லைனிங்கில் இரண்டு வெட்டுங்கள்.

கைப்பிடி தைத்தபின், ஓரம் அரை அங்குலம் விட்டு இரு பக்கமும் அடியும் தையுங்கள். லைனிங்கின் அடியில் மட்டும் 5 அங்குலம் தைக்காமல் விடுங்கள். பிறகு அடி மூலைகளை முக்கோணமாகப் பிடித்து, நுனியிலிருந்து 2 அங்குலம் இறங்கிக் குறுக்கே தைத்தால் 4 அங்குல அடி கிடைக்கும். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி லைனிங்குக்குள் பையை வைத்து, கைப்பிடி தையலில் அகப்படாதபடி கீழே மடக்கிவிட்டு, வாயைச் சுற்றித் தைத்து, விட்ட சந்து வழியே வெளியே இழுத்துவிடுங்கள். கடைசியில் சந்தை மூடுங்கள். பை 12 அங்குல அகலமும் 13 அங்குல உயரமுமாக நிற்கும். "17 வெட்டினோமே, மீதி எங்கே?" என்று எங்களில் ஒரு சகோதரி கேட்டார்கள். ஒரு அங்குலம் தையலுக்குப் போயிற்று, நாலு அங்குலம் அடிக்குப் போயிற்று!

இப்போது ஒவ்வொரு பையிலும் எட்டுக் கிலோ அரிசி போட்டு, இராமுழுதும் சுவர் ஆணியில் மாட்டிவைக்கிறோம். காலையில் தையல் விட்டிருந்தால் அது விற்பனைக்கு வராது. அரிசி கொட்டிய அம்மாவுக்கு முதல் பையைக் கொடுத்தோம். வேண்டாம் என்று மறுத்து, பிறகு உள்பக்கத்தைத் திருப்பி நகத்தால் தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

பழைய பை யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். பிரித்துத் தைத்துத் தருகிறோம், காசு வேண்டாம். காகித மாதிரி வாசலருகே மேஜையில் இருக்கிறது. பென்சிலும் வைத்திருக்கிறோம்.