விரலுக்குப் பதில் சொல்லும் அசைவு

வீடியோ கேம் துறையில் ஒரு பட்டதாரி அனிமேட்டராக எப்படிக் கால் வைப்பது? இதுதான் இன்றைய தலைப்பு. இந்தக் கேள்விக்கு எங்கே போனாலும் மென்பொருள்களின் பட்டியல்தான் பதிலாகக் கிடைக்கிறது. மாயா படி, பிளெண்டர் படி, அன்ரியல் படி என்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சினிமா அனிமேஷனும் கேம் அனிமேஷனும் ஒரே வேரிலிருந்து வந்திருந்தாலும் இன்று இரண்டு தனிக் கலைகள். நம் பிள்ளைகள் முதல் கலையில் பயிற்சி பெற்றுவிட்டு, இரண்டாவது கலைக்கான நேர்காணலில் போய் உட்காருகிறார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குத் திறமைக் குறைவைவிட இந்தப் பொருத்தமின்மையே பெரிய காரணம் என்பது என் வாதம்.

டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தங்கள் புத்தகத்தில் தொகுத்துத் தந்த பன்னிரண்டு கோட்பாடுகளை அனிமேஷன் கல்லூரிகளில் சொல்லித் தருகிறார்கள். அவற்றில் ஒன்று, ஒரு செயலுக்கு முன்பு உடல் அதற்குத் தயாராவதைக் காட்டுவது. குதிப்பவன் முதலில் குனிவான். குத்துபவன் முதலில் கையைப் பின்னால் இழுப்பான். விநாடிக்கு 24 பிரேம் ஓடும் சினிமாவில் இந்தக் குனிதலுக்கு 8 பிரேம் கொடுத்தால் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. பார்வையாளர் அதை ரசிப்பார். இதே அசைவை அப்படியே கேமில் வையுங்கள். ஆடுபவர் பொத்தானை அழுத்திவிட்டார், எதிரே பள்ளம் வந்துவிட்டது, பாத்திரமோ இன்னும் குனிந்துகொண்டிருக்கிறது. விழுந்து செத்தவர் அனிமேஷனைப் பாராட்ட மாட்டார். இந்த கேம் என் பேச்சைக் கேட்கவில்லை என்று மூடிவிடுவார். அதனால் கேம் அனிமேட்டர் அந்தக் குனிதலை இரண்டு மூன்று பிரேமுக்குள் சுருக்குகிறார். அங்கே இழந்த கனத்தைத் தரையில் இறங்கும்போது முழங்கால் மடங்குவதிலும் தோள் தாழ்வதிலும் மீட்டுத் தருகிறார். பல கேம்கள் விநாடிக்கு 60 பிரேம் ஓடுகின்றன. அதில் ஒரு பிரேம் சுமார் 17 மில்லிவிநாடி. அந்த அளவுக்கு நுணுக்கமான பேரம் இது, அழகுக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையே.

அதோடு முடிந்துவிடவில்லை. சினிமாவில் கேமரா எங்கே நிற்கிறது என்று தெரியும். அந்தக் கோணத்தில் அழகாகத் தெரிந்தால் போதும், மறுபக்கம் கை உடைந்திருந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. முப்பரிமாண கேமில் பெரும்பாலும் ஆடுபவரே கேமராவைச் சுழற்றுகிறார்; எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பாத்திரத்தின் உடல்நிலை புரிய வேண்டும். சினிமாவில் ஓர் அசைவு தொடங்கினால் முடியும். கேமில் பாதியிலேயே அறுபடலாம். இறங்கி நிமிர்வதற்குள் ஆடுபவர் ஓடச் சொல்வார், ஓடும்போதே திரும்பச் சொல்வார். நடையிலிருந்து ஓட்டத்துக்கும் ஓட்டத்திலிருந்து நிற்பதற்கும் போகும் ஒவ்வொரு வழியும் முன்கூட்டியே யோசிக்கப்பட்டிருக்க வேண்டும். நம் கச்சேரி மேடையில் மிருதங்கம் வாசிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் எங்கே நிரவலை நீட்டுவார், எங்கே எடுப்புக்குத் திரும்புவார் என்று அவர் கையில் எழுதி வைத்திருப்பதில்லை. ஆனால் எந்த இடத்தில் விட்டாலும் தாளத்தில் வந்து சேரும் சொற்கட்டுகள் அவரிடம் தயாராக இருக்கின்றன. கேம் அனிமேட்டரின் வேலையும் அந்த ஜாதி.

இது வெறும் தொழில்நுட்பத் தேவை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. 1989இல் வெளிவந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்காக ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம் பிடித்து, அதைப் பிரேம் பிரேமாகப் பார்த்து வரைந்தார். அந்த இளவரசன் ஓடினால் சட்டென்று நிற்க மாட்டான், உடல் சறுக்கித்தான் நிற்கும். அந்தச் சறுக்கலைக் கணக்கில் கொண்டு எங்கே தாவுவது என்று திட்டமிடுவதே ஆட்டமாக மாறியது. ஜப்பானில் ஓவியம் படித்துவிட்டு அனிமேட்டராக கேம் துறைக்குள் நுழைந்த ஃபுமிட்டோ உவேடா, 2001இல் ஈக்கோ என்ற கேமை உருவாக்கினார். ஒரு சிறுவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறான். அவள் உடல் அரைக்கணம் பின்தங்கி, தோள் இழுபட்டு, பிறகு காலெடுத்து வைக்கிறது. அதைக் கையால் அசைவமைத்தார்கள். வசனம் மிகக் குறைவான அந்த கேமில், அவளைக் காக்க வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சியை அந்த இழுவைதான் ஆடுபவருக்குள் ஏற்றுகிறது. தன் விரல் அழுத்தத்தால் இன்னோர் உடல் இழுபடுவதை அவர் உணர்கிறார். சினிமா இதைச் செய்ய முடியாது. இந்தக் கலையை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் வேலை தேடும் பட்டதாரி தன் டெமோ ரீலில் என்ன வைக்க வேண்டும்? மூன்று நிமிடக் குறும்படத்தை வைக்காதீர்கள். ஒரே ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சும்மா நிற்கட்டும், நடக்கட்டும், ஓடட்டும், நிற்கட்டும், திரும்பட்டும், குதித்து இறங்கட்டும், கனமான ஒரு பொருளைத் தூக்கட்டும். இவற்றை ஒரு கேம் இன்ஜினுக்குள் கொண்டுபோய், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிகளை நீங்களே அமைத்து, கன்ட்ரோலரால் ஆட்டிக் காட்டுங்கள். நடையின் வேகமும் பாத்திரம் நகரும் வேகமும் பொருந்தாவிட்டால் கால் தரையில் வழுக்கும். அனுபவசாலியின் கண் முதலில் அங்கேதான் போகும். அதைச் சரிசெய்திருக்கிறீர்கள் என்பதே பாதிச் சான்றிதழ். பாத்திரத்தை அசைக்க உதவும் எலும்புச் சட்டகமான ரிக் உங்களுடையதாக இல்லாவிட்டால் யாருடையது என்று எழுதுங்கள். குழுவாகச் செய்ததென்றால் உங்கள் பங்கு எதுவென்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும்.

கருவிகள் விலை உயர்ந்தவை, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது எட்டுமா என்று கேட்பார்கள். மென்பொருளைப் பொறுத்தவரை அந்தக் காலம் போய்விட்டது. பிளெண்டர் இலவசம். லாட்வியாவில் அதைக் கொண்டு உருவான ஃப்ளோ என்ற படம் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. கோடாட் இன்ஜினுக்குக் கட்டணமே கிடையாது. அன்ரியலுக்கும் கற்கும் நிலையில் காசு கேட்பதில்லை. நல்ல கணினி ஒன்று வேண்டும், அது உண்மையான தடைதான்; கல்லூரி ஆய்வகங்கள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படாமல் இருந்தால் அதுவும் பாதி தீரும்.

அடுத்த மறுப்பு பெற்றோரிடமிருந்து வரும். கேம் என்றாலே அவர்கள் காதில் ஆன்லைன் ரம்மி என்றுதான் விழுகிறது. பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்தியைப் படித்த மாநிலம் இது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2023இல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸையும் பணம் சாராத கேம்களையும் ஊக்குவிக்கும் என்று பிரித்தே சொல்கிறது. பெற்றோரும் அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டொராண்டோவில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ என்ற கேமைப் பாருங்கள். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த்தாய் இட்லி அவிக்கிறாள், மகன் தமிழை விட்டு விலகிப் போகிறான். அவ்வளவுதான் கதை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக கேம் விருது அளித்தது. உங்கள் பிள்ளை நுழைய விரும்பும் துறை இது.

மூன்றாவது மறுப்பு கனமானது: துறையே ஆட்களை வெளியேற்றுகிறதே! உண்மை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதம் சோனியின் பிளேஸ்டேஷன் 900 பேர் என்றது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூரில் அதன் விஎஃப்எக்ஸ், அனிமேஷன் பிரிவுகளில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு இந்த மேடையில் கனவு விற்பது பாவம். இதோடு செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. நடிகரின் உடலிலிருந்து மோஷன் கேப்சரில் பதிவான அசைவைத் துப்புரவாக்குவது புதியவர்களுக்குத் தரப்படும் முதல் வேலைகளில் ஒன்று. கருவிகள் முதலில் அதைத்தான் தின்னும். அமெரிக்க நடிகர் சங்கம் 2024 ஜூலையில் தொடங்கிய கேம் வேலைநிறுத்தத்தின் மையப் பிரச்சினையும் செயற்கை நுண்ணறிவுதான். குரல் கொடுப்பவர்களோடு உடலால் அசைவு தருபவர்களும் சேர்ந்து, எங்கள் சம்மதமும் ஊதியமும் இல்லாமல் எங்களை எந்திரத்துக்குள் ஏற்றாதே என்று சுமார் ஓராண்டு நின்றார்கள்.

ஆனால் இந்த நெருக்கடி என் வாதத்தை உடைக்கவில்லை, இறுக்குகிறது. அழகான ஒரு நடையைக் கணினி தந்துவிடும். இந்த ஆட்டத்தில், இந்தப் பாத்திரத்துக்கு, பொத்தான் அழுத்திய எத்தனையாவது பிரேமில் வாள் தொட வேண்டும், எந்தப் பிரேமிலிருந்து ஆடுபவர் அதைக் கைவிட அனுமதிக்க வேண்டும் என்பதை ஆடிப் பார்த்து, வடிவமைப்பாளரோடு உட்கார்ந்து, திரும்பத் திரும்ப மாற்றித்தான் கண்டுபிடிக்க முடியும். கிளிப் செய்து அனுப்புபவரின் இடம் ஆட்டம் காணும்; ஆட்டத்தின் உணர்வுக்குப் பொறுப்பேற்பவரின் இடம் அவ்வளவு சீக்கிரம் காணாது. இந்தியாவில் கிடைப்பது வெளிநாட்டு கேம்களுக்கான கூலி வேலைதானே என்றும் கேட்பார்கள். 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் அப்படி வேலை செய்து வளர்ந்த நிறுவனம்தான்; 2019இல் கேம் நிறுவனமான ராக்ஸ்டார் அதை வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. 2020இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் ‘ராஜி’ என்ற கேமைச் சொந்தக் கதையாகவே தந்தது. இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன, குறுகலாக. தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது, முதல் ஆண்டில் ஊர் மாறவும் நேரலாம். தெரிந்தே போங்கள்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் குறும்படம் என்ற வழக்கத்தை வரும் கல்வியாண்டிலேயே திருத்துங்கள். கேம் துறைக்குப் போக விரும்பும் மாணவர், பக்கத்துக் கட்டடத்தில் கணினி அறிவியல் படிக்கும் ஒருவரோடு சேர்ந்து, ஐந்து நிமிடம் ஆடக்கூடிய ஒன்றைச் சமர்ப்பிக்கட்டும். தேர்வாளர் திரைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், கன்ட்ரோலரைக் கையில் வாங்கி ஆடிப் பார்த்து மதிப்பெண் போடட்டும். இதற்குப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு அனுமதி தர வேண்டும் என்றால், அந்த மனுவில் கையெழுத்திட இந்த அரங்கில் இத்தனை பெற்றோர் இருக்கிறார்கள்.