நரம்பியல் இயன்முறை மருத்துவம்: முதுநிலைப் பயிற்சி எதற்கு?



இயன்முறை மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற பிள்ளை, மேலும் இரண்டாண்டு நரம்பியல் பிரிவில் முதுநிலை பயில விரும்பினால், "உடற்பயிற்சி சொல்லித்தர இத்தனை படிப்பா?" என்னும் வினா இல்லங்களில் எழுகின்றது. நியாயமான வினாவே. அதற்குரிய விடை நோயாளியின் கட்டிலருகே கிடைக்கின்றது.

எலும்பு முறிந்தவருக்குக் குறை காலிலேயே உள்ளது. பக்கவாதத்திலோ, கையையும் காலையும் ஆளும் மூளையே ஊறுபடுகின்றது. ஆதலின் தசைக்கு வலுவூட்டினால் மட்டும் போதாது. இழந்த செயலை மூளை மீண்டும் கற்க வேண்டும். குவளையை எடுத்தல், நாற்காலியிலிருந்து எழுதல் போன்ற பயனுள்ள செயல்களைப் பன்முறை செய்வதாலேயே அக்கல்வி கைகூடும்.

நோய்தோறும் முறையும் வேறுபடும். நடுக்குவாதம் உற்றவரின் கால்கள் சில வேளை தரையோடு ஒட்டியவை போல் நின்றுவிடும். தரையில் குறுக்குக் கோடுகள் இட்டால், அவற்றைத் தாண்டிப் பலர் நடந்துவிடுவர். குல்லன்-பாரே நோயில் அளவு மீறிய பயிற்சி சோர்வையே மிகுவிக்கும். தண்டுவடத்தின் மேற்பகுதி ஊறுபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியதாலேயே இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு ஏறக்கூடும். அவருக்குத் திடீரெனத் தலைவலியும் முக வியர்வையும் தோன்றினால், பயிற்சியை நிறுத்தி, நிமிர்த்தி அமர்த்தி, காரணத்தை உடனே நீக்கவேண்டும். இதனை அறியாத கையில் நல்லெண்ணமும் தீங்காய் முடியும்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அறிவியல் சான்றும் உண்டு. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு விரைவில், எவ்வளவு மிகுதியாக எழுப்பி நடத்துகின்றோமோ அவ்வளவு நன்று என்று பலர் கருதினர். 'அவெர்ட்' என்னும் ஆய்வு ஐந்து நாடுகளில் 2,104 நோயாளரிடம் இதனைச் சோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டது. மூன்று மாதங்களுக்குப்பின், வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் 50 விழுக்காட்டினர் நன்னிலை எய்தினர். 24 மணி நேரத்திற்குள் தொடங்கி அடிக்கடி, மிகுதியாக எழுப்பப்பட்டோரில் 46 விழுக்காட்டினரே எய்தினர். விரைந்து தொடங்குவது தவறென்பது இதன் பொருளன்று. காலமும் அளவும் நோயாளிக்கேற்ப அமையவேண்டும் என்பதே பாடம்.

அந்த அளவை அறியும் கண்ணை வளர்ப்பதே முதுநிலைப் பயிற்சி. மூத்த ஆசிரியரின் மேற்பார்வையில் நோயாளியைச் சோதித்தல், சமநிலையையும் நடையையும் எண்ணால் அளந்து முன்னேற்றத்தைக் கணித்தல், ஆய்வுகளைப் படித்துத் தரம் பிரித்தல், தாமே ஓர் ஆய்வேடு எழுதுதல் ஆகியன அதன் கூறுகள். எதைச் செய்வது என்பதோடு, எப்போது நிறுத்துவது என்பதையும் மாணவர் அங்குக் கற்கின்றார்.

குடும்பத்தார்க்கும் இதில் பங்குண்டு. பக்கவாதம் உற்றவரைத் தூக்கும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தலாகாது. தோள்மூட்டு நழுவி நீங்கா வலி தரும். இடுப்பையும் முதுகையும் தாங்கி எழுப்பும் முறையைப் பயிற்சியாளரிடம் கேட்டறிக. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் பயிற்சியைக் கைவிடுதலும் வேண்டா.

மாணவச் செல்வங்களே! ஒருவர் தம் கையால் உண்பதும், துணையின்றிக் கழிப்பறை செல்வதும் சிறிய செய்திகள் அல்ல. அவையே ஒருவரின் மானம். அதனை மீட்டளிக்கும் கல்விக்கு இரண்டாண்டு மிகையன்று. பெற்றோர் மனமுவந்து வழியனுப்புவாராக.