நாற்பது கால்களுக்கும் பெயர்



திருப்பூரில் லேபிளைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். அளவு அச்சிட்ட லேபிள் இல்லாத பனியன் பெட்டிக்குள் ஏறாது. அதைத் தைத்தும் மடித்தும் தேய்ந்த கைகளில் நம் வீட்டுக் கைகள் பல. ஆயின், பனியன் துணியைப் பின்னும் எந்திரத்தின் மின்னணுப் பலகை பழுதுற்றால் நாம் ஒதுங்கி நிற்கிறோம். வேறொருவர் வந்து திறக்கிறார். பலகையிலுள்ள சில்லின்மீது ஓர் எண் மட்டுமே இருக்கும். எந்தக் கால் எதற்கென எழுதியிராது. சிலர் அந்த எண்ணையும் சுரண்டிவிடுகின்றனர். பெயரை மறைத்து வித்தையைக் காக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8051 என்னும் நுண்கட்டுப்படுத்தியின் வழிவந்த சில்லுகளையே நம் மாலை வகுப்பில் பயன்படுத்துகிறோம். பக்கத்திற்கு 20 ஆக 40 கால்கள். பள்ளமுள்ள முனை மேலே இருக்குமாறு வைத்து, இடப்புற மேற்காலை ஒன்றெனக் கொண்டு கீழிறங்கி, வலப்புறம் கீழிருந்து மேலேற எண்ண வேண்டும். 20ஆம் கால் தரை. 40ஆம் கால் 5 வோல்ட் மின்சாரம். இரண்டும் மூலைக்கு மூலை எதிராக நிற்பதால், சில்லைத் தலைமாற்றிச் செருகினால் மின்சாரம் முறைமாறிப் பாயும். முதல் வாரத்திலேயே ஒன்று அவ்வாறு சூடேறி மாண்டது. அதன் பின்னரே ஸ்டிக்கர் அச்சிட முற்பட்டோம்.

கால்களின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். முதற்காலிலிருந்து இருபதாம் கால் வரை 19 இடைவெளிகள்; ஆக 48.26 மில்லிமீட்டர். கணினியில் இவ்வளவுக்குக் கட்டமிட்டுப் பெயர்களை நிரப்பினோம். முதல் தாள் பொருந்தவில்லை! அச்சுப்பொறி, தாளுக்குள் அடங்கட்டும் என்று தானே படத்தைச் சுருக்கியிருந்தது. நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலும் கடைசிப் பெயர் அரை இடைவெளிக்கு மேல் விலகி, அடுத்த காலுக்குரியதாகத் தோன்றும். ஆகவே 100 விழுக்காட்டு அளவிலேயே அச்சிட வேண்டும். முதலில் வெள்ளைத் தாளில் அச்சிட்டு அளவுகோல் வைத்துப் பார்த்த பின்னரே ஸ்டிக்கர் தாளைத் தொட வேண்டும். அகலம் 12 மில்லிமீட்டர் போதும். ஒட்டியபின் சில்லின் எண்ணும் பள்ளமும் மறைந்துபோகக் கூடுமாதலால், அவ்விரண்டையும் ஸ்டிக்கரிலேயே வரைய வேண்டும். இல்லையேல் நாமும் எண்ணைச் சுரண்டியவர்களாவோம்.

பெயர்களைத் தமிழில் எழுதலாகாதா என ஒரு மாணவி கேட்டார். எழுதிப் பார்த்தோம். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் ணகரச் சுழிகள் மையால் அடைந்தன. மின்சுற்றுப் படங்களிலும் ஆங்கிலச் சுருக்கங்களே உள்ளன. ஆகவே சில்லின்மீது ஆங்கிலமும், வகுப்புச் சுவரில் ஒவ்வொரு காலுக்கும் தமிழ் விளக்கமும் என முடிவு செய்தோம். இதில் நமக்குச் சற்று வருத்தமே.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். விலையைப் பெயரிலேயே வைத்தார். நம் தாளுக்கு அந்த ஒரு பைசாவும் வேண்டா. கைமடி வேலைக்குச் செல்லும் பிள்ளையாயினும், பவர் டேபிளில் அமர்ந்திருக்கும் தாயாராயினும் கேட்பவர் எவருக்கும் தருகிறோம். மேடையின் இடப்புற மேசையில் தாள்கள் உள்ளன. கத்தரிக்கோல் இரண்டே இருப்பதால் வரிசையில் வருக. வெட்டுமுன் அளந்து பார்க்க மறவாதீர்கள்.