ஏரியின் நோய்க்குத் தெருவில் மருந்து

(நகரையொட்டிய ஊராட்சிகளின் மக்களும் ஏரிப் பாசனதாரர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நகரம் வளர்ந்து நம் ஊராட்சிகளின் வாயிலுக்கே வந்துவிட்டது. ஏரிக்கு மேலே மேட்டுப்பாங்கில் இருந்த புன்செய் நிலங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. ஏரிக்குக் கீழே இன்றும் நெல் விளைகிறது. இடையிலுள்ள ஏரியோ பச்சை நிறம் பூண்டு, ஆகாயத்தாமரை மண்டி, துர்நாற்றம் வீசி நிற்கிறது. இதனைத் தூர் வார வேண்டும், ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும், கரையில் நடைபாதை அமைக்க வேண்டும் என்று பலர் மனு அளித்திருக்கிறீர்கள். இவை யாவும் நல்ல பணிகளே. ஆயினும் இவற்றுக்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. அது ஏரிக்குள் இல்லை. ஏரிக்கு மேலேயுள்ள தெருக்களில் இருக்கிறது. இதனை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

மழைநீர் சுமந்து வருவது

ஓர் ஏக்கர் பரப்பில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். உழுத புன்செய் நிலத்தில் விழும் அத்தகைய மழையின் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும். அதே நிலத்தில் மாடிவீடும் சிமெண்டுத் தெருவும் வந்தபின், விழுந்த நீரில் பெரும்பகுதி சில நிமிடங்களில் வடிகாலை அடைகிறது. அது வெறும் நீராகவும் செல்வதில்லை. சாணம், நாய்களின் கழிவு, இலைச்சருகு, கட்டட மணல், வண்டிகள் சிந்திய எண்ணெய், வாசலில் கொட்டிய சோப்பு நீர் ஆகிய அனைத்தையும் வாரிக்கொண்டு ஏரிக்குள் இறங்குகிறது. பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் நீரே மிகவும் அழுக்கானது.

இவ்வழுக்கில் ஏரியைப் பச்சையாக்குவதில் முதன்மையானது, உழவர்களாகிய நீங்கள் நன்கறிந்த மணிச்சத்து. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1973ஆம் ஆண்டில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். இடை சிறுத்த ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி அதனை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் கரிச்சத்தும் தழைச்சத்தும் இட்டார். மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் இட்டார். மணிச்சத்து சேர்ந்த பாதி மட்டுமே பாசி படர்ந்து பச்சையாயிற்று. வயலில் கதிரை வளர்க்கும் சத்து, ஏரியில் பாசியை வளர்க்கிறது. அப்பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன.

இச்சத்து மண் துகளோடு ஒட்டிக்கொண்டு வந்து ஏரியின் அடியில் படிகிறது. தூர் வாரினால் அது வெளியேறும் என்பது உண்மையே. ஆனால் வரத்தைத் திருத்தாமல் தூர் வாரினால், அடுத்தடுத்த மழைகள் புதிய வண்டலைக் கொணர்ந்து சேர்க்கும். கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பது போன்றதே அது.

ஒரு தெரு செய்து காட்டியது

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் என்றொரு நகரம். அங்குள்ள கிரிஸ்டல் ஏரிக்கும் தெருநீரால் இதே துன்பம் நேர்ந்தது. நகரத்தார் 2003ஆம் ஆண்டில் ஏரியை நோக்கி வடியும் ஒரு குடியிருப்பைத் தேர்ந்து, வீட்டு முகப்புகளில் 17 மழைத் தோட்டங்களை அமைத்தார்கள். மழைத் தோட்டம் என்பது பெரிய வித்தையன்று. தெருநீர் உள்ளே வருமாறு ஓரத்தைத் திறந்துவிட்டு, தாழ்வாக வெட்டிச் செடி நட்ட பாத்தி. அருகிலேயே இத்தகைய தோட்டங்கள் இல்லாத மற்றொரு குடியிருப்பின் நீரையும் அளந்து ஒப்பிட்டார்கள். தோட்டம் அமைந்த பகுதியிலிருந்து ஓடிவந்த நீர் சுமார் 90 சதவிகிதம் குறைந்திருந்தது. அம்மாநிலமே ஒரு படி மேலே சென்று, 2005 முதல், சில விலக்குகளுடன், புல்வெளிகளுக்கு மணிச்சத்து உரம் இடுவதையும் தடுத்தது.

ஒரு தெருவின் தோட்டங்களால் ஓர் ஏரி முழுவதும் தெளிந்துவிடாது. ஆனால் வீட்டுக்காரர்கள் மனமுவந்து தம் முகப்பில் ஒரு மூலையை அளித்தால், ஓடும் நீரை விழுந்த இடத்திலேயே நிறுத்த இயலும் என்பதை அத்தெரு மெய்ப்பித்தது.

ஆயக்கட்டுக்கு நீர் குறையுமா?

இங்கே பாசனதாரர்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது. தெருவிலேயே நீரை நிறுத்திவிட்டால் ஏரி எவ்வாறு நிறையும் என்று கேட்கிறீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழைக்குக் கிடைப்பது 2,500 லிட்டர். பத்துச் சதுர மீட்டர் பரப்பில், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வெட்டிய பாத்தி ஒரு வேளையில் 1,500 லிட்டரைத் தாங்கும். சிறுமழையும் பெருமழையின் முதல் நீரும் அங்கே தங்கும். நம் நாட்டு வடகிழக்குப் பருவமழையோ ஒரே நாளில் 100 மில்லிமீட்டரும் பெய்யவல்லது. அன்று அதே கூரையிலிருந்து 10,000 லிட்டர் வரும். பாத்தி நிறைந்தபின் மிகுதியெல்லாம் முன்போலவே ஏரிக்குச் செல்லும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததே. அத்தகைய மழையைப் பாத்திகள் நிறுத்திவிட மாட்டா. ஆதலால் நாம் ஏரிக்கு வரும் நீரை மறிக்கப் போவதில்லை. அழுக்கு மிகுந்த நீரையே தடுத்து, மண்ணில் இறக்கி, கிணறுகளுக்கு அளிக்கப் போகிறோம்.

பணிகளின் வரிசை

முதலாவதாக, மழைநீர் வடிகாலில் கழிவுநீரை விட்டிருக்கும் இணைப்புகளை நீக்க வேண்டும். சாக்கடை கலந்த நீரை எந்தப் பாத்தியிலும் உறிஞ்சுகுழியிலும் இறக்கலாகாது. அது நிலத்தடி நீரைக் கெடுத்துவிடும்.

இரண்டாவதாக, புரட்டாசி முடிவதற்குள் தெருக்களையும் வடிகால்களையும் கூட்டிச் சுத்தம் செய்து, குப்பையை அள்ளிவிட வேண்டும். அள்ளியதை வடிகால் ஓரத்தில் குவித்தால் முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும்.

மூன்றாவதாக, வீடுதோறும் மழைநீர்க் குழி. 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பல வீடுகளில் இருக்கிறது; குழிதான் மண்ணடைத்துக் கிடக்கிறது. அதனைத் திறந்து கல்லையும் மணலையும் கழுவிப் போடுவது ஒரு நாள் வேலை. இடமுள்ள வீடுகளிலும் பள்ளிகளிலும் மழைத் தோட்டம் அமைக்கலாம். கொசு பெருகுமோ என்று சகோதரிகள் அஞ்சுகிறீர்கள். ஓரிரு நாளில் நீர் வடிந்துவிடுமாறு அமைத்தால் கொசு முட்டையிட்டு வளர நேரமிராது. களிமண் நிலமாயின், மணல் நிரப்பிய துளை இட்டு வழி செய்ய வேண்டும்.

நான்காவதாக, வரத்துக்கால் ஏரியில் சேருமிடத்தில் வண்டல் படியும் தொட்டியும், அதையடுத்துக் கோரையும் நாணலும் வளர்ந்த ஆழமற்ற பரப்பும் வேண்டும். தொட்டியை ஆண்டுதோறும் வார வேண்டும். கோரையை அறுத்து வெளியேற்ற வேண்டும். அறுக்காது விட்டால் அது அங்கேயே அழுகி, உண்ட சத்தை ஏரிக்கே திருப்பித் தரும்.

இவற்றுக்குப் பின்னரே தூர் வாருதல். அப்போதும் ஏரி ஓராண்டில் தெளிந்துவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். அடியில் எஞ்சும் வண்டல் சில ஆண்டுகள் சத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பொறுமை வேண்டும்.

குழி வெட்டும் உழைப்பு மேட்டுத் தெருவாருக்கு. தெளிந்த நீரின் பயன் கீழ்வயலாருக்கு என்று சிலர் மனவருத்தம் கொள்ளக்கூடும். கிணற்றில் நீர் ஊறுவதும், தெருவில் வெள்ளம் தேங்காதிருப்பதும் மேட்டாருக்கு உடனே கிட்டும் பயன்களே. ஈடாக, வண்டல் அள்ளும் பணியையும் கோரை அறுக்கும் பணியையும் பாசனதாரர்கள் ஏற்பது முறையாகும். பழைய குடிமராமத்தின் நெறியும் அதுவே.

முடிவாக ஒரு வேண்டுகோள். எல்லாத் தெருக்களையும் ஒரே நாளில் திருத்த இயலாது. ஏரியை நோக்கி வடியும் இரு தெருக்களை இன்றே தேர்ந்தெடுங்கள். ஒன்றில் இப்பணிகளை ஐப்பசி மழைக்கு முன் முடிப்போம். மற்றொன்றை இவ்வாண்டு இப்படியே விட்டுவைப்போம். மழை பெய்யும்போது இரு வடிகால்களின் வாயிலிருந்தும் கண்ணாடிக் குடுவைகளில் நீர் பிடித்து இக்கூடத்து மேசையில் அருகருகே வைப்போம். தூர் வாரும் தொகையை எப்போது செலவிடுவது என்பதை அக்குடுவைகளைப் பார்த்தபின் நீங்களே தீர்மானியுங்கள். எந்தத் தெரு முன்வருகிறதோ, அதன் பெயரை இக்கூட்டத்தின் தீர்மானத்தில் முதலாவதாக எழுதக் காத்திருக்கிறேன்.