தோளுக்குள் ஒரு விளக்கு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா வைத்தியம் பேச வந்துவிட்டானே என்று நகைக்க வேண்டாம். சென்ற ஆண்டு அலுவலக அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய லெட்ஜர் கட்டை இறக்குகையில் என் வலத்தோள் பிசகிற்று. அந்தத் தோள் கற்பித்த பாடத்தையே கூறுகின்றேன்.

தோள்மூட்டு பந்துக்கிண்ண மூட்டு எனப் பள்ளியில் படித்தோம். கிண்ணம் என்பது புகழ்ச்சி. உண்மையில் அது ஆழமற்ற தட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அதனினும் மிகப் பெரிது. அதனாலன்றோ கையை எத்திசையிலும் சுழற்ற இயல்கின்றது! எளிதில் நழுவுவதும் அதனாலேயே. தட்டின் விளிம்பில் நாராலான வளையம் ஒன்று, வயலுக்கு வரப்புப்போல் அமைந்து, பள்ளத்தைச் சற்று ஆழமாக்குகின்றது. நான்கு தசைகளின் நாண்கள் எலும்புத் தலையை அணைத்துப் பிடிக்கின்றன.

1918இல் டோக்கியோவில் டாக்டர் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைக் காணும் கருவியால் பிணத்தின் முழங்காலுக்குள் நோக்கினார். 1931இல் நியூயார்க்கில் டாக்டர் பர்மன், தோள் உள்ளிட்ட பல மூட்டுகளை அவ்வாறே ஆராய்ந்து எழுதினார். இந்நாளில் தோளின் பின்புறம், தோள்முனை எலும்பின் மூலைக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கீழே சிறு துளையிட்டு, 4 மில்லிமீட்டர் பருமனுள்ள குழலைச் செலுத்துகின்றனர். உப்புநீர் மூட்டை விரிக்கின்றது. குழலின் பார்வை 30 பாகை சாய்ந்திருப்பதால், அதைச் சுழற்றினாலே மூலைமுடுக்கெல்லாம் புலனாகும். முதலில் தேடுவது இருதலைத் தசையின் நீண்ட நாண். அது மூட்டின் ஊடே செல்வதால், எங்களுக்குச் சிக்னல் கம்பம்போல் அவர்களுக்கு அடையாளம்.

இனிதான் என் கதை. அவ்வளையத்தின் முன்மேற்பகுதியில் சிலருக்குப் பிறவியிலேயே ஓர் இடைவெளி உண்டு. சிலருக்கு அவ்விடத்தில் வளையமே இராது. தலையெலும்பின் பின்புறத்திலும் குருத்தெலும்பற்ற வெற்றிடம் எல்லோர்க்கும் உண்டு. இவை நோயல்ல. என் ஸ்கேனைக் கண்ட முதல் டாக்டரோ, "கிழிசல், தைக்கவேண்டும்" என்று நாளே குறித்துவிட்டார். மற்றொருவரையும் கேட்டே ஆகவேண்டுமெனப் பிடிவாதம் பிடித்தவள் என் மனைவி. இரண்டாமவர் குழல்வழி நோக்கி, விளிம்பு வழவழப்பாயிருக்கக் கண்டு, பிறவியமைப்பு எனத் தையாமல் விட்டார். தைத்திருப்பின் கை வெளிப்புறம் திரும்புவது குறைந்து, வலியும் நிலைத்திருக்கக்கூடும் என்றார். வலிக்குக் காரணம் மேற்புற நாண் சிறிது நைந்திருந்ததே. அதைச் சீர்செய்தார், மூன்று திங்கள் பயிற்சி செய்தேன்.

நேற்று மாலை இப்பந்தலின் தோரணத்தை உயரத்தில் கட்டியது இந்த வலக்கைதான். கோணலாயிருப்பின் தோளைக் குறை கூறாதீர்கள். அது என் கண்ணின் பிழை.