ஒரு விநாடி குறைய அரை மணி

சித்ரா பௌர்ணமி சாயங்காலம். கன்னியாகுமரிக் கடற்கரை. மேற்கே சூரியன் இறங்கும், கிழக்கே நிலா ஏறும். சூரியன் இறங்குவதை முழுசாகப் பிடிக்க ஸ்டாண்டில் கேமராவை வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, சுண்டல் வாங்கப் போகிறீர்கள். வந்து பார்த்தால் கேமரா நின்று கிடக்கிறது. பேட்டரி இருக்கிறது. கார்டில் இடமும் இருக்கிறது. பின்னே ஏன் நின்றது?

பழுது இல்லை. பல போட்டோ கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாகவே நின்றுவிடும். ஆமாம், ஒரு விநாடி குறைய அரை மணி! காரணம், ஐரோப்பாவில் முன்பு இருந்த ஒரு சுங்க விதி. தொடர்ந்து அரை மணி நேரம் படம் பிடித்தால் அது வீடியோ கேமரா; அதற்கு வரி இருந்தது. போட்டோ கேமராவுக்கு வரி இருக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் சாமர்த்தியமாக ஒரு விநாடியைக் கழித்தார்கள். எங்கோ போட்ட பூட்டு, நம்ம கடற்கரை வரைக்கும் வந்து தொங்குகிறது.

புதிய மாடல்கள் பலவற்றில் இந்தப் பூட்டு இல்லை. வெயிலில் சூடேறி நிற்பது வேறு கதை.

பழைய கேமராவோடு கல்யாண வீட்டுக்குப் போகிறீர்களா? கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, மறுபடி அழுத்துங்கள். அரை மணிக் கணக்கு முதலிலிருந்து ஓடும். சுண்டலை அப்புறம் சாப்பிடலாம்.