புரொவிஷன் ஸ்டோரும் ‘புரொவிஷனல்’ சீட்டும்

(தென்காசியில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்ததாக எனக்கு வந்த கடிதத்தில் ‘புரொவிஷனல்’ என்றொரு சொல் இருந்தது. மளிகைக்கடைப் பலகையில் ‘புரொவிஷன் ஸ்டோர்’ என்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். சீட்டு கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேன். பத்து நாளுக்குள் சான்றிதழ்களைக் கொடுத்தால்தான் இடம் நிலைக்கும் என்பது அந்தக் கடிதத்தின் கடைசி வரி. நான் பதினான்காம் நாள் போய் நின்றேன். ‘இதுகூடப் படிக்கத் தெரியாதா?’ என்றார் எழுத்தர். ஒரு வருடம் போனது.

அந்த சீசனுக்குக் குற்றாலத்தில் பழக்கடை வேலை. ரம்புட்டான், மங்குஸ்தான் வாங்க வெளிமாநிலத்தார் வருவார்கள். ‘ஃப்ரெஷ்’, ‘ஸ்வீட்’, ‘லாஸ்ட் பிரைஸ்’ என்று சாரல் முடிவதற்குள் சரளமாகப் பேசினேன். அந்தச் சரளத்தை வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் படிக்க முடியவில்லை. முப்பது நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று சுவரெல்லாம் ஒட்டுகிறார்களே, அவர்கள் விற்பதும் இந்தப் பழக்கடை ஆங்கிலம்தான்.

டாக்காவில் ஆசிரியராக இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். 2000இல் நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட், அதற்கு மேலே பல்கலைக்கழக நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். நம் பள்ளி முதல் படியில் விட்டுவிடுகிறது. கல்லூரி மூன்றாம் படியில் நின்று பேசுகிறது. நடுப்படி யாருக்கு இருக்கிறது? தாத்தா காலத்திலிருந்து அரசாங்கக் கடிதம் வந்துகொண்டிருந்த வீட்டுக்கு இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் கேட்டே கற்றுக்கொள்கிறது. அதற்குத் தகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

காக்ஸ்ஹெட்டின் பட்டியலில் ‘டிஸ்கிரிமினேட்’ இருக்கிறது, ‘ஹைரார்க்கி’ இருக்கிறது. ‘ஹியூமிலியேட்’ இல்லை, ‘இன்டிமிடேட்’ இல்லை. அவர் மீது குறையில்லை. அவர் தேடியது பாடநூல்களில். ஆனால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவைத் திறந்தால் இந்த இரண்டு சொல்லும் எதிரே நிற்கும். அவமானப்படுத்துவது, மிரட்டுவது. நமக்கு நடப்பதன் பெயர் நம் பாடத்தில் இல்லை.

அதே பிரிவில் ‘இன்டென்ட்’ வருகிறது, ‘இன்டென்ஷனலி’ வருகிறது. ஒரே குடும்பம்; ஒன்றைப் பிடித்தால் ‘இன்டென்ட்’, ‘இன்டென்ஷன்’, ‘இன்டென்ஷனல்’ எல்லாம் கூடவே வரும். ‘பப்ளிக் வியூ’ என்பதைப் பாருங்கள். இரண்டும் சின்னச் சொற்கள்தான். ‘பப்ளிக் பிளேஸ்’ என்றால் பொது இடம். ‘பப்ளிக் வியூ’ என்றால் பொதுமக்கள் பார்வைக்குப் படும் இடம். தனியார் வீட்டு முற்றமானாலும் தெருவிலிருந்து தெரிந்தால் அது இதில் அடங்கும் என்று 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொன்னது. புகார் எழுதும்போது ‘வாசலில் வைத்துத் திட்டினார், தெருவில் இன்னின்னார் நின்று பார்த்தார்கள்’ என்ற வரி விடுபட்டால் வழக்கே நிற்காமல் போகலாம்.

சட்டமும் தீர்ப்பும் தமிழில் வரவேண்டும் என்று கேட்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது வரும்வரை புகார் கொடுக்க நாளைக்கே ஒருவர் போகவேண்டியிருக்கிறதே.

அதனால் மாலை வகுப்புக்கு அகராதி வேண்டாம். வீட்டில் இருக்கும் தாள்களை எடுத்து வாருங்கள்: உதவித்தொகை விண்ணப்பம், வங்கி நோட்டீஸ், பட்டா வழக்கு நகல். ஒரு தாளுக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் குடும்பம், அது வந்த வரி, உங்கள் தெருவில் நடந்ததை வைத்து நீங்களே எழுதும் ஒரு வாக்கியம். மறுநாளும் அடுத்த வாரமும் அதே சொல்லை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒருமுறை எழுதினால் ஒட்டாது.

என் நோட்டில் முதல் பக்கத்துச் சொல் ‘புரொவிஷனல்’. கடிதத்தையும் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். வேண்டுமென்பவர்கள் வந்து பார்க்கலாம்.